பாறைப் பிளவும் நம் குடிநீரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அப்பெருமையை நமக்கு முன் பேசிய சான்றோர்கள் நிறைவாக எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட பொருள் நீர். திட்டமாகக் கூறின், ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நம் காலடியிலுள்ள மண்ணினூடும் பாறையினூடும் நீர் எவ்வாறு செல்கின்றது, அந்நீரோடு நஞ்சு எவ்வாறு செல்கின்றது என்பதே நம் பொருள். வரலாறு படித்துப் பட்டம் பெற்ற தலைமையாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அறியாமையால் நாம் செய்த பிழையொன்றே இவ்வேலையை நமக்குத் தந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் சமுதாயத்தின் வரலாற்றில் நீர் என்பது வெறும் தாகத்தின் பெயரன்று. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றையும் குளத்தையும் அணுகவும் எவ்வகுப்பினர்க்கும் தடையில்லை என்று உரைத்தது. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மகத் நகரின் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இறங்கி நீர் அருந்தினார். அக்குளத்தின் மீதான வழக்கு பத்தாண்டு நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் அவரது தலைமையில் வரையப்பெற்ற அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில், கிணறுகளும் குளங்களும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. ஆயினும், நாம் சிறுவராயிருந்த காலத்தில் நம் அன்னையர் ஊர்க்கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, பிறர் இறைத்து ஊற்றிய நீரை ஏந்தி வந்ததை நம் கண்களால் கண்டிருக்கின்றோம்.

இன்று நமக்கெனக் கிணறு உண்டு, ஆழ்துளைக் கிணறு உண்டு, தெருக்குழாய் உண்டு. நீரைத் தொடும் உரிமையை முன்னோர் பெற்றுத் தந்தனர். தொட்ட அந்நீர் குடிக்கத் தக்கதுதானா என்று அறிவது நம் தலைமுறையின் கடமையாகின்றது.

முதலில் நம் நிலத்தை அறிவோம். தஞ்சைத் தரணியைப் போல ஆற்று மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்த நிலமன்று இது. இங்கே மேலே செம்மண். அதற்குக் கீழே, கையால் உதிர்க்கத்தக்க சிதைந்த பாறை. அதற்கும் கீழே கருங்கல். பருகூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அறுத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் அதே கல்தான். இக்கல்லின் உடலில் நீர் தங்குவதற்கு இடம் மிகக் குறைவு. ஆனால் அதில் பிளவுகள் உண்டு. நம் பாட்டன்மார் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு கிணறு வெட்டியபோது, நாள்தோறும் வறண்ட கல்லையே உடைத்துவந்து, திடீரென ஒருநாள் 'ஊற்றுக்கண் திறந்தது' என்று மகிழ்ந்தார்களே, அந்த ஊற்றுக்கண்தான் பாறைப் பிளவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இன்று துளையிடும்போது, ஒரு தோட்டத்தில் எண்ணூறு அடியிலும் புழுதி பறப்பதும், வரப்புக்கு அப்பால் இருநூறு அடியில் நீர் பீறிடுவதும் இப்பிளவு அகப்பட்டமையாலும் அகப்படாமையாலும் நிகழ்வனவேயாகும்.

மேலடுக்கிலுள்ள சிதைந்த பாறையை ஒரு பானையாகக் கொள்ளலாம். மழைநீரை அது சேமித்து வைக்கின்றது. கீழேயுள்ள பிளவுகளைக் குழாய்களாகக் கொள்ளலாம். அவை அந்நீரைக் கொண்டு செல்கின்றன. பானையில் அழுக்குச் சேர்ந்தால் அது குழாயிலும் வரும். இவ்வளவும் நம் வீட்டுப் பெண்மக்களும் அறிந்த உண்மையே.

இனி, விஞ்ஞானிகள் கண்டறிந்ததைச் சிறிது காண்போம். பிரான்சு நாட்டில் திழோன் என்னும் நகரின் குடிநீர் ஏற்பாட்டைக் கவனித்த ஆன்றி தார்சி என்னும் பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856ஆம் ஆண்டு ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்டத்தின் உயர வேறுபாடு இருமடங்கானால் மணலினூடே பாயும் நீரும் இருமடங்காகும். நீர் கடக்கும் மணலின் நீளம் இருமடங்கானால் பாயும் நீர் பாதியாகும். உலகெங்கும் நிலத்தடி நீர்க் கணக்கு இவ்விதியிலிருந்தே தொடங்குகின்றது. மணலில் நீர் எத்திசையிலும் ஒரு சீராகக் கசிகின்றது. அதனால், கழிவுக்குழிக்கு அருகிலுள்ள கிணறு முதலில் கெடும், தொலைவிலுள்ளது பின்னர்க் கெடும் என்று ஒருவாறு சொல்லிவிடலாம்.

பிளவுபட்ட நிலத்திலோ இச்சீர்மை இல்லை. கோடையில் வறண்ட ஏரியின் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். முதல் மழை பெய்தவுடன் நீர் எங்கே போகின்றது? பாளத்தின் நடுப்பகுதி உலர்ந்தே கிடக்க, நீர் வெடிப்பின் வழியே நேராகக் கீழே இறங்கிவிடுகின்றது. பாறையிலும் அதுவே நடக்கின்றது. அங்கே ஒரு வியப்பான கணக்கும் உண்டு. வழவழப்பான இணைச்சுவர்களையுடைய பிளவு ஒன்றில், பாயும் நீரின் அளவு பிளவு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அகலம் இருமடங்கானால் நீர் எட்டு மடங்கு. அகலம் பத்து மடங்கானால் நீர் ஆயிரம் மடங்கு. நகக்கண் அளவான ஒரு மில்லிமீட்டர் பிளவு ஒன்று, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஆயிரம் மயிரிழைப் பிளவுகள் சேர்ந்து சுமக்கும் நீரைத் தனியே சுமக்கின்றது. ஆகவே, பாறைப் பகுதியில் 'எவ்வளவு தூரம்' என்னும் கேள்வி மட்டும் போதாது. 'எந்தப் பிளவு, எந்தத் திசை' என்று கேட்டாக வேண்டும்.

இவ்வுண்மையை மறந்ததன் விலை என்ன என்பதைக் கனடா நாட்டின் வாக்கர்டன் என்னும் சிற்றூர் நமக்குச் சொல்கின்றது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அவ்வூரில் பெருமழை பெய்தது. ஊருக்கு நீர் தந்த ஐந்தாம் எண் கிணறு ஏறத்தாழ 15 மீட்டர் ஆழமே உடையது. மேலே மெல்லிய மண். கீழே பிளவுபட்ட பாறை. அருகிலிருந்த பண்ணையில் இட்ட சாணத்தின் கிருமிகள் மழைநீரோடு பிளவில் இறங்கிக் கிணற்றை அடைந்தன. குளோரினைச் சரிவரச் சோதிக்காத பணியாளர்கள் பொய்க்கணக்கு எழுதினர். எழுவர் மாண்டனர், இரண்டாயிரத்து முந்நூறு பேரளவில் நோயுற்றனர். அப்பண்ணையார் தம் தொழிலில் தவறு செய்யவில்லை என்று விசாரணை நடத்திய நீதிபதி ஓகானர் கண்டார். மண் வடிகட்டிவிடும் என்று நம்பி, பிளவை எண்ணாது கிணற்றை அவ்விடத்தில் அமைத்ததும், கண்காணிக்கத் தவறியதுமே கேட்டின் வேர்கள்.

இனி நம் பிழையைச் சொல்வோம். நாம் பணியாற்றிய பள்ளிக்கு அருகில் நம் மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்று. ஊரின் தாழ்ந்த பக்கத்தில் இருப்பது அது. நம் குடியிருப்புகள் எப்போதும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அங்குள்ள ஆழ்துளைக் கிணற்றின் நீர், ஒரு மழைக்காலத்தில் இலேசாக மஞ்சளித்து, நாவில் இரும்புச் சுவை காட்டியது. தாய்மார்கள் நம்மிடம் வந்து, "என்ன செய்யலாம், சார்?" என்று கேட்டனர். நாம் சற்றும் தயங்காமல், "காய்ச்சிக் குடியுங்கள், பிள்ளைகளுக்கும் காய்ச்சிக் கொடுங்கள்" என்று கூறினோம். அவர்களும் நம் சொல்லை நம்பி, விறகுக்கும் எரிவாயுவுக்கும் செலவழித்து, ஒரு பருவம் முழுதும் அவ்வாறே செய்தனர். காய்ச்சுவதால் கிருமி சாகும். கரைந்த உலோகமோ, புளோரைடோ, நைட்ரேட்டோ நீங்குவதில்லை. நீர் ஆவியாக ஆக, அவை மேலும் செறிகின்றன. இதனை நாம் அப்போது அறிந்திருக்கவில்லை. தலைமையாசிரியர் என்னும் மதிப்பினால் நம் அறியாமை அம்மக்களிடம் கட்டளையாகிவிட்டது. இது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

பின்னர் நம் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பச் செய்தார். உலோகம் அளவுக்கு மேல் இருப்பதாக முடிவு வந்தது. மேட்டுப் பக்கத்தில் முலாம் பூசும் பட்டறையொன்று இருந்தது. அங்கே வற்றிப்போய்க் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்றில் கழிவுநீரை இறக்கிவந்தனர். நாம் முறையிட்டபோது, "அரைக் கிலோமீட்டர் தூரம், நடுவே கருங்கல், அதோ, அருகிலுள்ள தோட்டக் கிணறே நன்றாக இருக்கின்றதே!" என்று விடை கிடைத்தது. உண்மைதான், அருகிலுள்ள கிணறு தெளிவாகவே இருந்தது. அவ்விடையின் முன் நாம் வாயடைத்து நின்றோம். பிளவு அருகிலுள்ளதை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ளதை இணைக்கக்கூடும் என்னும் இந்தச் சிறிய அறிவு அன்று நம்மிடம் இருந்திருந்தால், அங்கேயே மறுமொழி கூறியிருப்போம்.

பின்னர் நம் மாணவர்கள் ஒரு குறிப்பேடு தொடங்கினர். எந்நாள் மழை, எந்நாள் நீர் நிறம் மாறியது, எந்தக் கிணறு மாறியது, எது மாறவில்லை என்று நாள்தோறும் எழுதினர். பெருமழைக்குப் பின் சில நாள்களுக்குள் மாற்றம் வருவது அக்குறிப்பில் தெளிவாகத் தெரிந்தது. அக்குறிப்பேட்டின் படியை இணைத்து அனுப்பிய மூன்றாவது மனுவுக்குப் பின்னரே அத்துளை மூடப்பட்டது. கல்வி என்பது யாது என்று நம்மைக் கேட்டால், அந்த நாற்பது பக்கக் குறிப்பேட்டைக் காட்டுவோம்.

ஆனால் துளை மூடியவுடன் நீர் தூய்மையாகிவிடவில்லை. இதற்கும் விஞ்ஞானம் காரணம் கூறுகின்றது. நஞ்சு கலந்த நீர் பிளவில் ஓடும்போது, இருபுறப் பாறையிலும் களிமண்ணிலும் உள்ள நுண்துளைகளுக்குள் நஞ்சு மெல்ல மெல்லப் பரவிப் புகுந்துகொள்கின்றது. பின்னர் பிளவில் நல்ல நீர் ஓடினாலும், உள்ளே புகுந்த நஞ்சு அதே மெதுவான நடையில் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஊறுகாய் வைத்த மண்சாடியை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாதது போல என்று கொள்க. பிளவுபட்ட களிமண்ணிலும் பாறையிலும் இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் செர்ரி. அவரும் ஆலன் ஃபிரீசும் 1979இல் எழுதிய நிலத்தடி நீர் பற்றிய நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நம் நாட்டில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைச் சாலையில் கிழக்கே சென்றால் இராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை 1970களின் நடுவில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. இலட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. குரோமியத்தில் இருவகை உண்டு. ஒருவகை மண்ணைப் பற்றிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அறுமதிப்புக் குரோமியம் என்னும் மற்றொரு வகையோ நீரில் எளிதிற் கரைந்து, மண்ணில் அதிகம் ஒட்டாமல் நீர் போகுமிடமெல்லாம் போகும், புற்றுநோய்க்கும் காரணமாகும். ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தார் அங்கே நிலத்தடி நீரின் போக்கை ஆராய்ந்துள்ளனர். தொழிற்சாலை நடந்தது ஏறத்தாழ இருபது ஆண்டு. மூடிய பின்னர் இருபத்தைந்து ஆண்டு கடந்தும் கழிவு அங்கேயே கிடந்தது. நம் சங்கத்தின் வயதளவு காலம் அது! பாலாற்றங்கரைத் தோல் தொழிலில் உழைத்தோருள் நம்மவர் பலர். அதன் கழிவைப் பற்றிய வழக்கில்தான் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டமே என்று தீர்ப்பளித்தது.

எல்லா நஞ்சும் ஆலையிலிருந்து வருவதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு பாறையிலேயே பிறந்தது. பல் காவியேறி, எலும்பு வளையும் இந்நோய் இந்தியாவில் முதன்முதல் விரிவாக விவரிக்கப்பட்டது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். பாறையின் கனிமங்களோடு நெடுங்காலம் தங்கும் நீர் புளோரைடைக் கரைத்துக்கொள்கின்றது. மேலிருந்து விரைந்து இறங்கும் நீர் சாக்கடையின் நைட்ரேட்டையும் கிருமியையும் சுமந்து வருகின்றது. ஆழத் தோண்டினால் ஒன்று, மேலே இறைத்தால் மற்றொன்று என்னும் இருதலைக் கொள்ளி நிலை நமக்கு. இதனாலேயே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,928 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அக்குழாய் நீர் வராத நாள்களில் நம் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

மேலும், நாம் எல்லையில் வாழ்கின்றோம். அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் வண்டிகள் நிற்கும், நீர் நிற்பதில்லை. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் ஏற்றுக்கொண்டு நம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகின்றது. அணையின் மதகில் வெண்ணுரை மலைபோல் எழுந்ததைக் கண்டு வேடிக்கை பார்த்தவர் பலர். நுரை கண்ணுக்குத் தெரிகின்றது; ஆற்றுப் படுகையிலிருந்து பிளவுகளில் இறங்குவது தெரிவதில்லை. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பப்பட்டு வருகின்றது. வறண்ட கிணறுகள் உயிர்பெற அது உதவுகின்றது என்பாரும், முழுமையாகச் சுத்திகரிக்காமல் பாறைக்குள் விடலாமா என்பாரும் உளர். இவ்விவாதத்தில் பேசுவதற்கு உணர்ச்சி போதாது. கணக்குத் தெரிந்தவர் வேண்டும்.

தொழிற்சாலைகளை நாம் பகையாகக் கருதவில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், பண்ணையாள் மகன் பொருத்துநராகவும் கடைசல்காரராகவும் உயர்ந்தார். இவ்வரங்கில் அமர்ந்துள்ள இளைஞர்களில் பலர் அவ்வாலைகளின் ஊதியத்தால்தான் தங்கையரைப் படிக்க வைக்கின்றீர்கள். உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, ஒவ்வொரு குடியிருப்பின் இளைஞரும் தம் ஊரின் வரைபடம் ஒன்றைத் தம் கையால் வரைக. கிணறு, ஆழ்துளை, கைவிட்ட துளை, சாக்கடை, குப்பைமேடு, பட்டறை, நம் வீட்டுக் கழிப்பறைக் குழி ஆகிய அனைத்தையும் குறிக்க. நம் குழியே நம் கிணற்றைக் கெடுக்கவும் கூடும். பிறரைச் சுட்டுமுன் அதனையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆழ்துளை போடும்போது, கேசிங் குழாய் சிதைந்த பாறையைக் கடந்து கெட்டிப் பாறையில் உறுதியாக அமர்ந்துள்ளதா, அதன் வெளிப்புற இடைவெளி அடைக்கப்பட்டதா என்று உடனிருந்து பார்க்க. செலவைக் குறைக்கக் குழாயைக் குறைத்தால், மேலுள்ள அழுக்குக்கு நாமே வழி திறந்தவராவோம். வற்றிய துளையைக் களிமண்ணிட்டு முறையாக மூடுக. குழந்தைகள் விழாமலிருக்க மட்டுமன்று, நஞ்சு இறங்காமலிருக்கவும் அது வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்க. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை பொறுக்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. இவ்வெண்களை நம் வீட்டுப் பெண்மக்கள் மனப்பாடமாக அறிதல் வேண்டும்.

நான்காவது, முடிவுகளைக் கிராம சபையில் படிக்க. மார்ச்சு 22, உலக நீர் நாளன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகின்றது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்துள்ளது. 2010இல் அமைந்த பசுமைத் தீர்ப்பாயம் முறையிடும் இடத்தைத் தந்துள்ளது. எண்ணோடு கூடிய மனுவை எளிதிற் புறந்தள்ள இயலாது.

ஐந்தாவது, இதுவே நம் தலையாய வேண்டுகோள். நம் பிள்ளைகளில் சிலர் புவியியல் படிக்க வேண்டும். நிலநூல் என்னும் ஜியாலஜியைக் கூறுகின்றோம். மருத்துவமும் பொறியியலும் அறிந்த அளவுக்கு இத்துறையை நம் பெற்றோர் அறியார். சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பணிகளுக்கு இக்கல்வியே வாயில். எங்கே துளையிடுவது, எது குடிக்கத் தக்கது, யாருடைய முறையீடு உண்மை என்று முடிவு சொல்லும் மேசையில் நம் பிள்ளை ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். இச்சங்கம் ஆண்டுக்கு ஒரு மாணவர்க்கேனும் இப்படிப்புக்கு உதவித்தொகை அளிக்குமாறு, தலைவர் அவர்களை இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கின்றோம். அந்நிதிக்கு நம் ஒரு திங்கள் ஊதியத்தை முதற் கொடையாக அளிக்கின்றோம்.

நமக்கு இன்னும் சில ஆண்டுகளே பணி உண்டு. அக்குடியிருப்பின் தாய்மார்கள் இன்றும் நம்மைக் கண்டால் அன்போடு, "நல்லா இருக்கீங்களா, சார்?" என்றே கேட்கின்றனர், காய்ச்சிய நீரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கூறியதில்லை. அவர்களிடம் மறுபடியும் தவறான விடை சொல்லாதிருக்கவே நாம் ஐம்பது வயதுக்குப் பின் மாணவரானோம். அவ்விடையைச் சரியாகச் சொல்லத்தக்க ஒருவர் இவ்வரங்கிலிருந்து எழுவாராக என்று வாழ்த்தி அமைகின்றோம்.